பேசின் மாட்டிய கம்பம்

க்ளெனிஸ் ப்ராபர்ட் இடுப்பெலும்பு மாற்றப் போனபோது
சாவியும் ஒரு பழைய கவரும் தந்தாள்.
கவரின் முதுகில் பென்சில் எழுத்து:
சூரியகாந்திப் பருப்பு, காலையில், இரண்டு கைப்பிடி.
தட்டில் தண்ணீர் உறைந்திருந்தால் வெந்நீர், உப்புப் போடாதே.
கம்பத்தில் கிரீஸ் தடவாதே, இறகில் ஒட்டிக்கொள்ளும்.
கடைசி வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு:
அணிலை விடாதே.

அதுவரை
ஸ்வான்சியில் பறக்கும் எல்லாவற்றுக்கும்
குருவி என்றே பெயர் வைத்திருந்தேன்,
கடற்காகத்தைத் தவிர. அது
மீன் குழம்பு கொதிக்கும்போது
சமையலறைக் கண்ணாடியைத் தட்டும்.

அவள் கொட்டகையில் மூட்டை மூட்டையாய்.
ஒன்றைப் பிரித்தால் கறுப்பாய், ஊசி ஊசியாய்,
அட, பேயெள்ளு!
கிருஷ்ணகிரி மலைச்சரிவில்
பஸ் ஜன்னலோரம் மஞ்சளாய்ப் போன அதே பேயெள்ளு.
இங்கே கிலோ ஆறு பவுண்டு.
முகம் சிவந்த ஃபிஞ்ச் ஒன்று அதைக் கொறித்துவிட்டு
உமியை என் செருப்பில் துப்புகிறது.

முதல் வாரம் அணில் வென்றது.
சாம்பல் நிறம். முதுகில் ஒரு கோடுகூட இல்லை.
எந்தக் கடவுளும் தடவிக்கொடுக்காத முதுகு,
யாருக்கும் கடன்படாத முதுகு.
பின்னங்கால் இரண்டையும் கொக்கியாக்கித்
தலைகீழாய்த் தொங்கியபடி
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றது.
'அணிலை ஏறவிட்ட நாய் மாதிரி நிக்கிறியே'
என்றார் வில்வநாதன்,
கையில் டீயோடு, கதவுக்கு உள்ளேயே நின்று.

பறவைக்குக் காரம் உறைக்காதாம், அணிலுக்கு உறைக்குமாம்.
செல்லப்பிராணிக் கடைப் பையன் சொன்னான்.
மிளகாயை எனக்கா சொல்லித்தர வேண்டும்?
சாத்தூர்ச் சம்பா கால் கிலோ, மிக்ஸியில்.
இரண்டு பக்கத்து வீடும் தும்மின.
விதையில் கலந்து கையை உதறும் நேரம் பார்த்து
விரிகுடாவிலிருந்து ஒரு காற்று.
அரை மணி நேரம் குழாயடியில் கண் கழுவினேன்.
அணில் வேலிமேல் உட்கார்ந்து
நான் முடிக்கும்வரை காத்திருந்தது.
பிறகு தின்றது.
முகத்தைத் துடைத்துக்கொண்டது.
மறுபடி தின்றது.

கட்டிலடிப் பெட்டியில் ஒரு எவர்சில்வர் பேசின் இருந்தது.
விளிம்பில் புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து:
'கலியபெருமாள் - தையல்நாயகி, புதுமனை புகுவிழா, 9.6.2004.'
யார் இவர்கள் என்று இருவருக்கும் ஞாபகமில்லை.
நடுவில் ஓட்டை போட்டுக்
கம்பத்தின் இடுப்பில் கவிழ்த்து மாட்டினேன்.
அணில் ஏறியது. முட்டியது. வழுக்கியது.
மூன்று நாள் பேசினுக்கு அடியில் உட்கார்ந்து
அண்ணாந்து பார்த்தது,
கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கும்
வாடகை வீட்டுக்காரன் போல.
நாலாம் நாள் வரவில்லை.

மோரிஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன்.
ஹீட்டரைக் கேட்கவில்லை, தபாலைக் கேட்கவில்லை.
ஃபிஞ்ச் எத்தனை என்றாள்.
பதினொன்று என்றேன்.
'அவன்?'
வரவே இல்லை, பத்து நாளாச்சு,
பேசினைப் பற்றி, ஓட்டையைப் பற்றி,
வில்வநாதன் உடைத்த இரண்டு துரப்பண முனைகளைப் பற்றி
எல்லாம் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி உருண்டது.
மாத்திரை போட்டாச்சா என்று யாரோ கேட்டார்கள்.
'ஓ' என்றாள் க்ளெனிஸ்.
பதினாறு வருஷச் சண்டையில் ஜெயித்த செய்தியைக்
கேட்ட குரலாக அது இல்லை.

திங்கட்கிழமை காலை
பின்கட்டுக் கல்சுவரின் மேல்
நாலு வேர்க்கடலை கைதவறி விழுந்தது.
உப்பில்லாதது.
வில்வநாதன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை கைதவறி ஆறு.

இன்று மழை.
தையல்நாயகியின் பெயர்மேல் விழுந்து சொட்டுகிறது.
ஈரத்தில் ஊறிய கடலையை எண்ணிப் பார்க்கிறேன்:
ஒன்று குறைகிறது.
காக்கையாகவும் இருக்கலாம்.