நான்கு நிமிடம்

என் கணினி மாதிரியில்
எல்லாக் குமிழிக்கும் ஒரே விட்டம்,
மூன்று மில்லிமீட்டர்.
எல்லாமே உருண்டை.
எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போகும்
நல்ல வீட்டுப் பிள்ளைகள்.

பர்கூர் சாலை ஈஸ்ட் ஆலையில்
நொதிகலனின் பார்வைக் கண்ணாடியில் கேமராவை ஒட்டி
நான் எடுத்த படங்களில்
அப்படி ஒன்றுகூட இல்லை.
நசுங்கிய இட்லி மாதிரி ஒன்று,
வால் முளைத்த ஒன்று,
கலக்கியின் தகடு கிழித்து
மூன்றாய்த் தெறிக்கிற ஒன்று.
ஒன்பது இரவு உட்கார்ந்து
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறை
மவுஸால் சுற்றி வளைத்தேன்.
பதினேழாவது படத்தில் வெளிப்பக்கம் ஓர் ஈ.
அதையும் எண்ணியிருக்கிறேன்.

அதுவும் சுவரோரத்துக் கூட்டம்தான்.
நடுவில் நடப்பதைக் கண்ணாடி சொல்லாது.

காற்றை ஒரு நிமிடம் அடையுங்கள்,
ஆக்ஸிஜன் விழுவதும் ஏறுவதும் தெரிந்தால் போதும் என்று
மூன்று முறை கேட்டேன்.
சம்பங்கி சார் தொட்டியைத் தட்டிக் காட்டினார்:
"உள்ள ஒம்பது லட்சம் மூச்சு விடுது மேடம்."

வைகாசிக் காற்று
தொகரப்பள்ளிக் காட்டுப் பக்கமிருந்து வந்தது.
இரண்டு பன்னிரண்டுக்கு
எங்கோ ஒரு மாங்கிளை மின்கம்பியில் சாய்ந்தது.

கலக்கி நின்றது.
இத்தனை நாள் அதன் இரைச்சலை
நான் மௌனம் என்று நினைத்திருந்தேன்.
நாகரத்னா செல்போன் வெளிச்சத்தோடு
ஜெனரேட்டருக்கு ஓடினாள்.
நானும் ஓடியிருக்க வேண்டும்.

யூபிஎஸ்ஸில் பிழைத்திருந்த திரையில்
முப்பத்தெட்டு.
இருபத்தைந்து.
ஒன்பது.
முப்பத்தொன்பதாவது நொடியில் பூஜ்யம்.
பிறகு கோடு தரையோடு படுத்துக்கொண்டது.
அதற்குள் அவை சாராயம் காய்ச்சத் தொடங்கியிருக்கும்;
மூச்சு கிடைக்காத ஈஸ்டுக்கு
வேறு தொழில் தெரியாது.

நான்காவது நிமிடம் ஜெனரேட்டர் இருமியது.
கோடு எழுந்தது.
செங்குத்தாக அல்ல, தயங்கி, வளைந்து.
அந்த வளைவின் சரிவைக் கணக்கிட்டேன்.
நான் சொல்லி வைத்ததில் பாதிதான்
காற்றிலிருந்து நீருக்குக் கைமாறியிருந்தது.

நடுவில் அவை சந்தித்துக்கொண்டிருக்கின்றன.
இரண்டு குமிழி மோதும்போது
இடையில் ஒரு நீர்த்தோல்;
பிரிவதற்குள் அது வடிந்துவிட்டால் ஒன்று,
வடியாவிட்டால் இரண்டு.
ஒரு கரண்டி நுரையடக்கி எண்ணெய்
அந்தத் தோலை மெலிய வைக்கும்.
ஒன்றானது பெருத்து, அவசரமாய் மேலேறி
பாதி மூச்சைச் சுமந்தபடி வெளியேறும்.
என் சமன்பாட்டில்
சந்திப்பதற்கு ஓர் உறுப்பே இல்லை.

வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
நாகரத்னா திரும்பி வந்தாள்.
"கரண்ட் போனதுல உனக்கென்னக்கா இவ்ளோ சந்தோஷம்?"

விடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில்
தோப்பு முழுக்கப் பெங்களூரா, பச்சையாக, அடிபட்டு.
ஊறுகாய்க்காரன் கிலோ மூன்று ரூபாய் என்றான்,
தோப்புக்காரர் பதில் சொல்லாமல்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
என் பையில் பென்டிரைவ்.

அறிக்கையில் சோதனை எண் ஒன்று என்றெழுதினேன்.
தேதி. நேரம்.
காற்று நிறுத்தப்பட்ட முறை என்ற கட்டத்தில்
மாங்கிளை என்றெழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.