லைனிங்

ஜனவரி.
தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்
கல்லாகிக் கிடக்கும் மாதம்.
வெலிங்டன் பஜாரில் என் கடைப்படியேறி
லமுனு வந்தாள், மகளைக் கையில் பிடித்தபடி.
உகாண்டா மேஜரின் மனைவி.
கட்டிங் மேசைமேல் ஒரு கம்பளித் தொப்பியைக்
கவிழ்த்துத் தட்டினாள்.
உடைந்த முடித் துணுக்குகள் விழுந்தன,
காற்புள்ளி காற்புள்ளியாக.

இது குடிக்கிறது, என்றாள்.
எதை?
தண்ணீரை. தலையணையும் குடிக்கிறது.
உங்கள் ஊர்க் காற்றும்.

முடிக்குள் தண்ணீர் இருக்கும் என்பதே
அன்றுவரை நான் அறியாதது.
என்னுடையது முப்பத்திரண்டு வயதிலேயே
சொல்லாமல் போய்விட்டது.

காஜா எடுக்கும் பெர்சிஸ்
பல்லில் நூலைக் கடித்தபடி,
நல்லா எண்ணெய் வெக்கச் சொல்லுங்க மாஸ்டர், என்றாள்.
எட்டு மாதத்தில் அந்த அளவுக்குத் தமிழ்
லமுனுவுக்குப் புரிந்திருந்தது.
எண்ணெய் கதவு, என்றாள்.
ஆளில்லாத வீட்டுக்குக்
கதவு சாத்தி என்ன?

இஸ்திரிப் பெட்டியோரம் இருந்த
என் ஸ்பிரே பாட்டிலை எடுத்து
மகள் தலையில் புஸ் புஸ்ஸென்று அடித்தாள்.
தோளில் கிடந்த முடி
நாங்கள் பார்க்கப் பார்க்கச் சுருண்டு
காதுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது.
அய்யோ, குறைஞ்சுபோச்சே! என்றாள் பெர்சிஸ்.
நான் பதறவில்லை.
புதுக் காட்டனை ராத்திரி முழுக்க
வாளியில் ஊறப்போட்டுவிட்டுத்தானே
கத்திரி வைக்கிறவன்.
அளவு எதற்கு எடுக்க?
காய்ந்த முடிக்கா, நனைந்த முடிக்கா? என்றேன்.
அப்போதுதான் அவள்
என்னை ஒரு தையல்காரனாகப் பார்த்தாள்.

தூங்கும் முடிக்கு.
பன்னிரண்டு முறுக்காகத் திரித்துக்
கட்டி வைத்த பிறகு.
பெரியது ஒன்று, சின்னது ஒன்று.
வெளியே கம்பளி,
உள்ளே வழுக்க வேண்டும்.

யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின்
பாவாடை போக மிச்சமிருந்த சாட்டின்,
கத்திரிப்பூ நிறம்.
மெஷினில் அதை ஓட்டப்போனால்
என் விரல் ஓடவிடவில்லை.
பனிவெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும்
ஒவ்வொரு இழையைப் பிடித்து இழுத்து
துணியெல்லாம் கீறல்.

மறுநாள், கரண்ட் இல்லை, என்றேன்.
தையல்காரன் சொல்வதில்
எல்லா நாட்டுக்காரரும் நம்பாதது அதுதான்.
அவள் சாட்டினைப் பார்த்தாள்.
பிறகு என் கையை.
ஒன்றும் பேசாமல் பையைத் துழாவி
இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை வைத்தாள்.
உள்ளே மஞ்சளாய், மெழுகாய்.
மூ யா, என்றாள்.
எதையோ மூடச் சொல்வதாகத்தான்
என் காதில் விழுந்தது.

முதலில் தண்ணீர்.
கையை நனைத்துக்கொள். துடைக்காதே.
அந்த ஈரத்தின் மேல் இது.

கேத்திப் பக்கம் கேரட் பாத்தியில்
வெயில் ஏறுமுன் உறைபனிமேல்
தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பார்கள்.
குளிருகிற செடிக்குத் தண்ணீரா என்று
பஸ் ஜன்னலில் எத்தனை வருஷம் சிரித்திருக்கிறேன்.

மூன்றாம் இரவு சாட்டின் தானாக ஓடியது.
கடையில் புகையும் கடலையும் கலந்தாற்போல்
ஒரு வாசனை.
பெர்சிஸ் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.
கேட்கவில்லை. நானும் காணவில்லை.

சின்னத் தொப்பியை அந்தக் குட்டி, அபெர்,
கையில் வாங்கியதும் உள்ளது வெளியாகப் புரட்டி
பளபளப்பு மேலே தெரியப் போட்டுக்கொண்டாள்.
லமுனு அதட்டினாள், அவர்கள் பாஷையில்.
அதற்குள் அது
இறக்கத்தில் பாதி தூரம் போயாயிற்று.
மிலிட்டரி லாரிகளுக்கும்
பேக்கரி வாசல் நாய்களுக்கும் நடுவே
கத்திரிப்பூ நிறத்தில் ஒரு தலை.

தையல் பிசிறெல்லாம் ஊருக்கே தெரிகிறதே என்று
எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.