உறை

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்துவிட்டது; அதன்மேல் யாரோ நாயோடு நடக்கிறார்.
மூன்றாம் மாடியில் நான்
நூற்று நாற்பத்தொன்றாம் உறையைக் கிழிக்கிறேன்.

வயிற்றைத் திறந்தபின்தான் கிழிக்கலாம்,
கணையத்தின் வாலை வெட்டியே ஆகவேண்டும் என்று
உறுதியானபின்.
முன்பே தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

டாக்டர் ஹெல்வே கூஸ்மா கைகளை உயர்த்திக் காத்திருக்கிறார்.
இருபத்திரண்டு வருடம் நூலால் மூடியவர்.
வெண்ணெயில் தையல் போடுவது மாதிரி என்பார்.
இழுத்தால் கிழியும், விட்டால் ஒழுகும்,
நடுவில் ஒரு இறுக்கம் இருக்கிறது,
அது என் விரலுக்குத் தெரியும்.

'ஸ்டேப்ளர்' என்று வாசித்தேன்.

முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் எதுவும் சொல்லவில்லை.
கருவியின் தாடையைக் கடிகாரம் பார்த்தபடி
மெல்ல, மிக மெல்ல மூடினார்.
க்ளிக்.
மூன்று வரிசை டைட்டானியம்.
எறும்புகள்கூட இவ்வளவு நேராகப் போவதில்லை.
நூல் தட்டிலேயே கிடந்தது, பிரிக்காமல்.

மூன்றாம் நாள் வடிகுழாய் நீரில் அமைலேஸ் பார்க்கவேண்டும்.
கணைய நீர் பொல்லாதது.
ரொட்டி எது, ஆள் எது என்று அதற்குத் தெரியாது.

லெய்டா ஓரவ், அறுபத்துமூன்று, சைக்கிள் கடை.
எந்த உறை என்று அவரிடம் சொல்லக்கூடாது.
பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.
"ட்யூபை வாளியில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.
இங்கே எதை அமுக்குவீர்கள்?"
பிறகு,
"ஒட்டினீர்களா, தைத்தீர்களா?"
"தெரிந்தால் சீக்கிரம் குணமாகுமா?"
"யாரைத் திட்டுவது என்றாவது தெரியும்."

எதிர்க் கட்டிலில் பள்ளிச் சமையல்காரர் கால்யு.
அவருடைய உறையில் நூல்.
ஹெல்வே தன் வாழ்நாளிலேயே போட்ட நல்ல தையல் அது,
நான் பக்கத்தில் நின்றேன்.
அவருக்கும் கசிந்தது.
இரண்டு பையிலும் ஒரே கறுப்புத் தேநீர் நிறம்.

இருபத்தாறாம் நாள் குழாயை உருவியதும்
லெய்டா ஓட்டையின்மேல் உள்ளங்கையை வைத்து
கொஞ்ச நேரம் கேட்பதுபோல் இருந்தார்.
"காற்று இறங்கவில்லை."

அடுத்த வருடம் ஜூனில் கணக்கு வந்தது.
நூலுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.
கருவிக்கும் அதே, ஒரு இழை குறைவு;
அந்த இழையைப் புள்ளியியல்காரர் ஏற்கவில்லை.
ஹெல்வே தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
சாப்பாட்டுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை மறுபடி ஒரு வயிறு, ஒரு வால்.
இனி அவர் இஷ்டம்.
ஒரு தட்டில் நூல், மறு தட்டில் கருவி.
கை நீளவில்லை.

என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:
"உறை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"