இணைப்பு: சாம்பல், ஒரு பொட்டலம்

அனுப்புநர்: கோ. பக்கிரிசாமி, தையல் கடை.
பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் என்று எழுதி
நிமிர்வதற்குள்
தலைவர் மேல் ஒன்று விழுந்தது.
உமிச்சாம்பல்.

கொசு இறகளவுதான்.
தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது.
தேய்த்தால் மை மாதிரி இழுபடும்.
வாயைக் குவித்துப் பக்கவாட்டில்
ஊதத்தான் வேண்டும்.
பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறவன் நான்.
இதைக் கற்றுக்கொள்ள
பதினோரு சட்டை செலவானது.

வெண்ணாற்றுக்குத் தெற்கே எங்கள் தெரு.
தெருவுக்கு மேற்கே மாடர்ன் ரைஸ் மில்.
ஆனியில் கிளம்பும் மேல்காற்று
புகைபோக்கி வாயிலிருந்து எடுத்து
எங்கள் சோற்றில் வைக்கும்.
கொடித் துணியில், குடத்துத் தண்ணீரில்,
மாரிக்கண்ணு மகளின் இடது கண்ணில்.
கண் டாக்டர் துருவி எடுத்துக் காட்டினார்:
உமியின் முனை.
எரிந்த பிறகும் கூர் போகவில்லை.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டம்.
திருவாரூர் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் நின்றபடி.
வாசலில் போலீஸ்காரர் பையைத் துழாவினார்,
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று.
பொட்டலத்தைப் பிரித்தார்.
"என்னய்யா, விபூதியா?"
"கறுப்பா இருக்கே சார்" என்றேன்.

முதல் மனு சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போனது.
இரண்டாவது மனு முதல் மனுவோடு சேர்க்கப்பட்டது.
மூன்றாவதற்கு ஆய்வு.
ஆய்வுக்கு வந்த அன்று அமாவாசை,
மில்லுக்கு லீவு.
புகைபோக்கி விளிம்பில் இரண்டு காக்கைகள்.
காற்றைப் பிடிக்கும் கருவியை
மொட்டை மாடியில் வைத்துவிட்டு
டீ குடித்தார்கள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.
ஒன்பதாம் நாள் செல்போனில் வந்தது:
ஆய்வின்போது புகை ஏதும் காணப்படவில்லை.
மனு முடிக்கப்பட்டது.

முடிக்கப்பட்டது.
காஜா எடுத்து, பொத்தான் வைத்து,
இஸ்திரி போட்டு மடித்த மாதிரி.

கையெழுத்துக்கு அலைந்தேன்.
எங்கள் தெருவில் நாற்பத்தேழு.
மில்லுக்குத் தென்மேற்கே, புதுநகரில்,
ஒன்றுகூட இல்லை.
கூட்டுறவு வங்கிச் செயலாளர் ஞானப்பிரகாசம்
கதவைப் பாதி திறந்து சொன்னார்:
"அறுபது பேர் பிழைக்கிற இடம் தம்பி."
உண்மைதான்.
அறுபதில் ஒருவன் என் மச்சான் அறிவழகன்.
நெல் அவிக்கும் தொட்டியில் வேலை.
ராத்திரி வாசலில் நின்று
தலையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவான்.
நாற்பத்தேழாவது கையெழுத்து அவனுடையது.
சின்னதாக, இனிஷியல் இல்லாமல்.

மூடச் சொல்லவில்லை ஐயா.
சாம்பலைப் பிடிக்கிற கருவி ஒன்று
அந்தப் புகைபோக்கிக்கு வேண்டும், அவ்வளவுதான்.
போன வருஷமே பொருத்தியாகிவிட்டதாகக் கணக்கு.
தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி
கணக்கின் நகலை வாங்கி வைத்திருக்கிறேன்.
அதன் மேலும் விழுகிறது.

ஐப்பசி பிறந்தது.
குறுவை நெல் லாரி லாரியாக வந்து இறங்கியது.
காற்று திரும்பிவிட்டது. வாடை.
எங்கள் தெருவில் கொடிகள் வெளுத்தன.
ஒரு மாதம் நானும் மனு எழுதவில்லை,
ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு சாயங்காலம் ஞானப்பிரகாசம் கடைக்கு வந்தார்,
வேட்டியெல்லாம் கண்மை தொட்டு வைத்ததுபோல.
"அந்தப் பேப்பர் இன்னும் இருக்கா?"
சொல்ல வந்ததை
ஊசியோடு சேர்த்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
நாற்பத்தெட்டு என்று நம்பர் போட்டு நீட்டினேன்.
மறுநாளே பேப்பர் போதாமல்
அட்டையில் எழுதும்படி ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது.
அமாவாசை இல்லை. மில் ஓடிக்கொண்டிருந்தது.
பொறியாளர் சின்ன வயசு,
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல தையல்.
புதுநகர் முனையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.
பேனாவைத் திறந்தார்.
காலரில் ஒன்று வந்து உட்கார்ந்தது.
"சார், தேய்க்காதீங்க" என்றேன்.

அதற்குள் தேய்த்துவிட்டார்.