பொரி

கஜபதி வீட்டுக்குள் வருவது எனக்குக் கேட்பதில்லை.
பால் கவரை வெட்டிக்கொண்டிருப்பேன்,
திரும்பினால் பின்னால் நிற்பான்.
இரண்டு முறை பால் கொட்டிப் போச்சு.
"இருமிக்கினாவது வாயேன்யா" என்றேன்.
கொலுசு வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டேன்.
சிரித்தான். அதற்கும் சத்தமில்லை.

பதினோரு வருஷமாய் நான்
ராணிப்பேட்டையில் பூட்ஸ் தைக்கிறேன்,
பனி பெய்கிற ஊர்களுக்குப் போகிற பூட்ஸ்.
கத்திரி வெயிலில், ஃபேன் அனலை இறைக்க,
உள்ளே கம்பளிமயிர் வைத்து ஒட்டும்போது
முழங்கை வரை வேர்க்குரு.
ஆணி துருத்துகிறதா என்று
ஒவ்வொன்றுக்குள்ளும் கைவிட்டுப் பார்க்கணும்.
எந்தக் காலும் நுழையுமுன்
என் கை நுழைந்தவை எத்தனை ஆயிரமோ,
அதில் ஒன்றுகூட இவன் போட்டதில்லை.
சர்க்கார் இவனுக்குக் கொடுத்தது வேறு.
அதற்குள் யார் கைவிட்டுப் பார்த்தார்களோ,
இடது சுண்டுவிரலும் அதற்கடுத்ததும்
மலைமேலேயே நின்றுவிட்டன.

பனி எப்படி இருக்கும் என்றால்
உப்பளம் மாதிரி என்பான் ஒரு நாள்.
இன்னொரு நாள், ஒன்றுமில்லை என்பான்.
ஒரே ஒரு தடவை, கரண்ட் போன ராத்திரி,
தானாகச் சொன்னான்:
ஒன்பது பேர், ஒரே கயிறு.
முன்னால் போகிறவன் மிதித்த குழியில்தான்
பின்னால் வருகிறவன் மிதிக்கணும்.
அடியில் பிளந்து கிடக்கும், மேலே மூடியிருக்கும்.
காலை வைத்ததும் எடையை இறக்கக்கூடாது,
கேட்டுவிட்டு இறக்கணும்.
தும்மல் வந்தால் கையுறையைக் கடிக்கணும்.
எனக்கு முன்னால் போனவன் நேகி.
அத்தோடு நிறுத்தி
விசிறியை என் பக்கம் திருப்பி வீசினான்.

மாசி அமாவாசை, மயானக் கொள்ளை.
பாலாறு கொள்ளாத ஜனம்.
பம்பை அதிர, தேர் அசைய,
முறத்தில் அள்ளி அள்ளி
சுண்டலும் பொரியும் இறைத்தார்கள்.
இவன் ஓரமாய் நின்று
தலையில் விழுந்ததைக்கூடத் தட்டிவிடவில்லை.

எல்லாரும் போனபின் ஷேர் ஆட்டோ இல்லை.
விருதம்பட்டுக்கு ஆற்றிலேயே குறுக்கே போய்விடலாம்
என்றது நான்தான்.

பாலத்து விளக்கு எட்டுகிற மட்டும்
மணல்மேல் பொரி,
மேடும் பள்ளமும் தெரியாத வெள்ளை.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.
"இரு" என்றான்.
அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை.
என் முந்தானை நுனியை வாங்கி
மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு
முன்னால் இறங்கினான்.

என் காலடியில் பொரி நொறுங்கியது.
அவன் காலடியில் நொறுங்கவில்லை,
எப்படி என்று இன்றைக்கும் தெரியாது.
இடது தடத்தில் மூன்றே விரல்.
அதற்குள் என் ஐந்தையும் ஒடுக்கி வைத்தேன்.
புடவை இழுத்தால் நடந்தேன்,
தொய்ந்தால் நின்றேன்.
இப்படி ஒரு பேச்சு
எங்களுக்குள் அதுவரை இருந்ததில்லை.

நடு ஆற்றில் புடவை தொய்ந்தது.
மணல் லாரிக்காரர்கள் தோண்டிய பள்ளம்.
அடியில் ஒரு நாய்
நறுக் நறுக்கென்று பொரி தின்றுகொண்டிருந்தது.
விளிம்பில் குப்புறப் படுத்து
கையைக் கீழே நீட்டினான் கஜபதி.
"ஊபர் ஆஜா" என்றான், மெல்ல.
நாய் வாலை ஆட்டிவிட்டுத் தின்றது.
"ஊபர் ஆஜா."
எனக்கு இந்தி தெரியாது.
காட்பாடிப் பக்கத்து நாய்க்கும் தெரியாது.
மூன்றாம் தடவை கத்தினான்,
அடிவயிற்றிலிருந்து, ஆறு முழுக்கக் கேட்க.
எதுவும் சரியவில்லை.
ரயில் பாலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி
பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் நாய் அதன் வழியில் ஏறி வந்து
எங்களுக்குப் பின்னால் நடந்தது.
தார் ரோடு வந்தும்
முந்தானையை அவன் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் வேலையில்
நாற்பத்து மூன்றாம் நம்பர், இடது கால்.
சுண்டுவிரல் வருகிற மூலையில்
என் கை கொஞ்ச நேரம் இருந்துவிட்டது.
"இன்னாம்மா தேடுற?" என்றாள் சூப்பர்வைசர் ஜரினா.
ஆணி என்றேன்.