எடைச்சீட்டு

வாலிநோக்கம் உப்பளத்தில்
லாரிகளுக்கு எடைச்சீட்டுப் போடுவது என் வேலை.
பார வண்டியில் வெற்று வண்டியைக் கழித்தால் உப்பு.
ஒன்பது வருடமாகக்
கழித்தலில்தான் சாப்பிடுகிறேன்.

மால்ட்டாவுக்குக் கிளம்பும் முதல் நாள்
மச்சான் விளையாட்டாக எடைமேடையில் ஏறி நின்றார்.
எண்பது என்றது.
பாஸ்போர்ட் படம் எடுத்த ஷம்சுகனி
"அது துபாய்க்கு எந்தப் பக்கம்?" என்றார்.
வரைபடத்தில் தேடினேன். இத்தாலிக்குக் கீழே
பேனா நுனி தவறிப் பட்டதுபோல ஒன்று.

"என்ன இருக்கு அங்கே?"
"ஆறு கிடையாது சுலைஹா. காடு கிடையாது.
இரும்பு, நிலக்கரி, ஒண்ணும் கிடையாது.
கல் இருக்கு. வெயில் இருக்கு. சுத்திக் கடல்."
"கடலாடி தாலுகா என்று சொல்லுங்களேன்."
சிரித்தார். லைன் போய்விட்டது.

ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்.
எனக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால்
ராத்திரிதோறும் அந்த நாட்டைக்
கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்.

குடிதண்ணீரில் பாதிக்கு மேல் கடலைப் பிழிந்தது.
ருசி நரிப்பையூர் குழாய்த் தண்ணீர்தான்,
ஆனால் தினமும் வருகிறது.
அந்த 'ஆனால்'
என் அடுப்படியில் பன்னிரண்டு குடமாக நின்றது.

வீடுகளெல்லாம் வறுத்த ரவை நிறம்.
காலடிப் பாறையையே அறுத்துக் கட்டியவை.
எத்தனை அடி வீடோ, அத்தனை அடிப் பள்ளம்
ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறதாம்.
எங்கள் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில்
பவளப்பாறை தெரியும், மூளை மாதிரி சுருள்சுருளாக.
இப்போது அதை எடுத்தால் கேஸ்.
எங்கள் பள்ளம் தண்ணீருக்கு அடியில்.
யாரும் அளந்ததில்லை.

அப்புறம் கொடி.
அந்தத் துறைமுகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத கப்பல்கள்
அதன் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு
உலகம் முழுக்கத் திரிகின்றன.
துணியை வாடகைக்கு விட்டு ஒரு நாடு அரிசி வாங்குகிறது.
வெகுநாள் எனக்கு விளங்கவில்லை.
பிறகு நினைத்தேன்:
கீழக்கரைப் பெயரைப் பலகையில் எழுதி
எத்தனை ஊரில் எத்தனை கடைகள்!
ஒரு ரூபாய் கேட்டோமா?

"சர்ச்சுக்குப் போகிற சனம். ஆனா
ஆண்டவனை அல்லா என்கிறாங்க."
"உப்புக்கு?"
"மெல்ஹ்."
சின்ன வயதில் ஓதும்போது நாக்கில் பட்ட சொல்.
மில்ஹ், மில்ஹ் என்று முணுமுணுத்தபடி
அன்று மதியம் ஆறு லாரிகளை அனுப்பினேன்.

ஒரு படம் வந்தது.
பாறையில் குழித்த உப்புப் பாத்திகள்,
ஒவ்வொன்றும் எங்கள் கட்டில் அகலம்.
ஒரு குடும்பம் துடைப்பத்தால் உப்பைக் கூட்டுகிறது.
ஒரு வருட விளைச்சல்
எங்கள் மேடையில் காலைத் தேநீருக்குள் முடிந்துவிடும்.

நோன்புக்கு முன்னால் லீவில் வந்தார்.
பெட்டியில் சாக்லேட், பிள்ளைக்கு ஷூ.
அடியில், பனியனில் சுற்றி, ஒரு காகிதப் பொட்டலம்.
இருநூறு கிராம் உப்பு.
"நாலு யூரோ" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.
அந்தக் காசுக்கு எங்களிடம் கால் டன் வரும்.
உப்பு ஆபீஸ்காரிக்கு உப்பு!
திட்டலாம் என்று வாயெடுத்து, முகர்ந்து பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனேன்.
லாரி இல்லாத நேரம் பார்த்து
மேடை நடுவில் பொட்டலத்தை வைத்துவிட்டுக்
கண்ணாடி அறைக்குள் ஓடிவந்தேன்.
சிவப்பு எண்கள் அசையவில்லை. பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
எடையென்று ஒத்துக்கொள்ளாத மேடை அது.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர்
தரையில் பொட்டலத்தைக் கண்டு
குனிந்து எடுத்தார்.
தூக்கும் உப்புமாக
அங்கேயே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அறுபது.

சீட்டுப் பொத்தானில் இருந்த விரலை எடுத்தேன்.
கேட்டில் லாரி ஹாரன் அடித்தது.