பேச்சு, மூச்சு

முதல் படத்தில் எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வசனம்.
தோவா என்ற பெண்ணுக்குக் குரல் நான்.
பதினேழு வயது அவளுக்கு, வாய் ஓயாது.
வெள்ளத்தில் மூழ்கிய ஊரைப் பார்த்துக்
கடைசியில் ஒன்று கேட்பாள்:
"மதகைத் திறந்தது யார்?"
திரை இருண்டுவிடும்.

அந்த இருட்டுக்குள்
ஆறு வருடம் உட்கார்ந்திருந்தார்கள் ஜனங்கள்.

இரண்டாம் பாகத்தின் பிரதி தபாலில் வந்தது.
நல்ல கனம்.
கூடவே ஓர் ஒப்பந்தத் தாள்:
கதையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது.
முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் புரட்டினேன்.

இயந்திரம் பாய்கிறது. தோவா: மூச்சு.
கோபுரம் சரிகிறது. தோவா: மூச்சு.
தோவா: மூச்சு, பெரிதாக.

எண்ணினேன். அறுபத்து நான்கு மூச்சு.
பேச்சு ஒன்றே ஒன்று: "வா!"

போன வருடம் வந்த பிரதி வேறு.
அதில் எண்பத்தோராம் பக்கத்தில் விடை இருந்தது.
படித்த இரவு
பாத்திரம் துலக்காமல் படுத்துவிட்டேன்.

நெரிமாவில் ஒலிப்பதிவு.
சரசரக்காத பருத்திச் சட்டை,
காலையில் கஞ்சி மட்டும்.
வயிறு உருண்டால் மைக் கேட்டுவிடும்,
இந்தப் படத்தில் என்னைவிட
அதற்கு அதிக வசனம் கிடைத்துவிடும்.

படம் இன்னும் வரைந்து முடியவில்லை.
வெள்ளைத் திரையில் பென்சில் கோடுகள்.
சிவப்பு வட்டம் வந்தால் நான்,
நீல வட்டம் எதிரி.
இரண்டு வட்டங்கள் முட்டிக்கொள்ள
நான் மூச்சிரைத்தேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து உருஷிபாரா சொன்னார்:
"கஜிதானி-சான், இது அடி வாங்கும் மூச்சு.
நீங்கள் விட்டது அடி கொடுக்கும் மூச்சு."
விழும் மூச்சு கேட்டார், எழும் மூச்சு கேட்டார்,
விழுந்துகொண்டே எழும் மூச்சு கேட்டார்.
எல்லாம் கொடுத்தேன்.

"அந்த எண்பத்தோராம் பக்கம்?"

பொத்தானை அழுத்தினார், விட்டார்,
மறுபடி அழுத்தினார்.
"நீளம் கூடிவிட்டது.
பாலம் உடைவதற்கே பதினொரு நிமிடம் வேண்டியிருக்கிறது."

ஆகவே நாற்பத்தோராவது மூச்சில்
அந்தப் பக்கத்தை வைத்தேன்.
இரும்புச் சக்கரம், துரு,
உள்ளங்கை கிழியக் கிழியச் சுற்றுகிறவளின் மூச்சு.
கீழே ஊர் தூங்குகிறது என்று
தெரிந்த ஒருத்தியின் மூச்சு.

"அருமை. கொஞ்சம் கனமாக இருக்கிறது.
பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்துக்கொள்வோம்."

எடுத்தோம்.
எதை வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

தாச்சிகாவாவில் முதல் நாள் முதல் காட்சி, மழை.
பொய் சொல்வானேன்,
பாலம் உடைந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.
ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.
நதி எழுந்து நின்று யோசித்து
அப்புறம்தான் விழுந்தது.
மின்கம்பியில் ஒரு காகம்,
எல்லாம் பறந்த பிறகும் அரை நொடி தயங்கியது.
அந்த அரை நொடிக்காக யாரோ
மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கியிருப்பார்.
பக்கத்து இருக்கைச் சிறுவன்
சோளப்பொரியை வாய்வரை கொண்டுபோய்
அங்கேயே மறந்துவிட்டான்.

முப்பத்தொன்பது. நாற்பது.
இருக்கைப் பிடியை இறுக்கினேன்.
நாற்பத்தோராவது வரும் இடத்தில்
எண்ணெய்க் கிடங்கு வெடித்தது.
நாற்காலி அதிர்ந்தது, பல் அதிர்ந்தது.
என் மூச்சு எனக்கே கேட்கவில்லை.

வெளியே குடை வாளிக்கு அருகில்
பள்ளிச் சீருடையில் இரண்டு பேர்.
"அது சரி, மதகை யார்தான் தொறந்தா?"
"மூணாம் பாகத்துல சொல்வாங்க.
பாலத்தைப் பாத்தியா, யப்பா!"
"பாத்தேன். இருந்தாலும்,
யாரா இருக்கும்?"

அவன் கை பட்டு என் குடை சாய்ந்தது.
எடுத்துக் கொடுத்து
மன்னிப்புக் கேட்டு
முகத்தைப் பார்த்தான்.

தலையை ஆட்டிக் குடையை வாங்கிக்கொண்டேன்.
மூச்சு விடவில்லை.